தம்பி, அந்தக் கண் டாக்டரிடம் போகாதே

மயிலாடி,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெயசிங்குக்கு அண்ணன் ராஜையன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் வலது கண்ணைத் தவிர. கையெழுத்து என் மனைவி, உன் மைனி சத்தியபாயுடையது, கோபம் என்னுடையது.

வருகிற திங்கட்கிழமை, என் கண்ணை அறுத்த அதே டாக்டரம்மாவிடம் நீயும் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறாயாம். போகாதே. பத்து நிமிட வேலை என்று என்னைப் படுக்க வைத்தார், பாதியில் "கண்மணி சுருங்குது, ஒதறுது" என்று யாரிடமோ சொன்னார், "ஆடாதீங்க ஐயா" என்றார், "நான் ஆடேல்ல டாக்டர், ஒங்க கைதான் ஆடுது" என்றேன், ஒரு மணி நேரம் கழித்து எழுப்பி, புரையைச் சுற்றியிருந்த மெல்லிய பை கிழிந்து துண்டு ஒன்று கண்ணுக்குள் பின்பக்கம் விழுந்துவிட்டது என்றார், அதை எடுக்கத் திருவனந்தபுரத்தில் இன்னொரு ஆபரேஷன், அதற்குப் பிறகும் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இடது கண்ணிலோ முற்றிய புரை. போன வாரம் கபிரியேல் வாத்தியார் அடக்கத்துக்குப் போய், அவர் மகன் என்று நினைத்துப் பந்தல்காரனைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னேன். பாவம், அவனும் அழுதான்.

இத்தனைக்கும் முன்னாலேயே துருவித் துருவிக் கேட்டார்கள். கேட்ட நர்ஸ் நம் சபைப் பொருளாளர் தேவகனியின் மகள். "பிரஷருக்கு இல்லாம வேற என்ன மாத்திரை எடுக்கீங்க தாத்தா?" என்றாள். உன் மைனி, "வேற ஒண்ணும் கிடையாது மக்களே, இவிய கல்லு மாதிரி இருக்காவ" என்றாள். அப்படிப்பட்டவன் கண்ணைக் கெடுத்தது யார்? கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன், நாளை தபாலில் போடுகிறேன்.

உன் மனைவி பேபிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஜெபமும் வாழ்த்தும்.

இப்படிக்கு,
ராஜையன்

பின்குறிப்பு: உன் மைனி பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருக்கிறாள். இந்தக் கோணல்மாணல் என் எழுத்து. மேலே உள்ளதை நம்பாதே. மூத்திரம் தடையில்லாமல் போக நாம் இரண்டு பேரும் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறோமே ஒரு மாத்திரை, கண்மணியை ஒதற வைப்பது அதுதானாம். முன்னாலேயே தெரிந்திருந்தால் கண்மணியை விரித்துப் பிடிக்கச் சின்ன வளையம் போட்டுச் செய்திருப்பேன் என்று டாக்டரம்மாவே சொன்னார். அந்த நர்ஸ் பெண்ணிடம் சொன்னால் ஞாயிறு ஆராதனைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரம்மாவே அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டபோதும், உன் மைனி கூட நின்றதால், வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் பண்ணி இல்லை என்றேன். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனாலும் போதாதாம், சொல்லியே ஆகவேண்டும். அவரிடமே போ, வாய் திறந்து சொல். வெட்கமாக இருந்தால் இந்தக் காகிதத்தைக் காட்டு. மனுவைக் கிழித்துவிட்டேன். வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள். உன் மைனியா, வேறு யாராவதா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது, தம்பி.