நகர மறுத்த ஏரி

ஹேமாவதி ஏரியை மவுஸால் பிடித்துக் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஏரி வந்தது. வந்து, நேராக ரைஸ் மில்லின் கூரை மேல் உட்கார்ந்தது.

"ஐயோ!" என்று கன்ட்ரோல் இசட்டைத் தட்டினாள். ஏரி ஒரே பாய்ச்சலில் பழைய இடத்துக்கே திரும்பி, அவள் உட்கார்ந்திருந்த அலுவலகத்தின் மேலேயே ஹாயாகப் படுத்துக்கொண்டது.

"இன்னாம்மா, முடிஞ்சிச்சா?" உள் அறையிலிருந்து சபரிநாதனின் குரல் வந்தது. "நாலு மணிக்கு ஜீப் வந்துடும்."

"ஏரி நகர மாட்டேங்குது சார்."

"நகராம எங்க போகும்? மேப்ல இருக்கற ஏரிதானே. தள்ளு!"

காக்களூரைத் தாண்டி, சம்பூர்ணம் நகர் என்று போர்டு மாட்டிய சின்னத் தொழிற்பேட்டையில் இரண்டு அறைகள், மூன்று கம்ப்யூட்டர்கள். அதுதான் சபரி சர்வேஸ். நிலத்தை அளந்து மேப் போட்டுத் தருகிற கம்பெனி. பக்கத்துச் சித்தேரியைச் சுற்றி அரசாங்கத்தில் எல்லைக் கல் நடப்போகிறார்கள். பழைய சர்வேயின் எல்லைக்கோட்டை சேட்டிலைட் படத்தின் மேல் பொருத்தி மேப் கொடுக்கிற வேலை இவர்களுக்கு வந்திருந்தது. ஜீப்பில் வருகிற அதிகாரியிடம் இன்று மேப் போனால் நாளை கல் இறங்கும்.

ஹேமாவதிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பொங்கலிலிருந்து அவள் இங்கே தற்காலிகம். "இந்த மேப் கரெக்டா போச்சுன்னா நீ பர்மனென்ட். போகலைன்னா..." என்று சபரிநாதன் நிறுத்தியிருந்தார். மிச்ச வாக்கியத்தைத் தினமும் செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவளே முடித்துக்கொள்வாள்.

விடுவதாக இல்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

மேப் தப்பு என்று எப்படித் தெரிந்தது? ஆணியால்.

அலுவலக வாசற்படியில் சபரிநாதன் ஒரு பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் உண்டு. "எந்த மேப்பா இருந்தாலும் முதல் புள்ளி நம்ம ஆணி மேல. ஆணி அதோட இடத்துல உக்காந்தா மேப் சரி. உக்காரலைன்னா மேப் தப்பு" என்பது கம்பெனியின் வேதம். இன்று ஆணிக்குப் புள்ளி வைத்தால், அது ஏரியின் நீலத்துக்குள்ளே, நல்ல ஆழத்தில், மூழ்கிக் கிடந்தது.

"நாம இன்னா ஏரிக்குள்ளயா குந்திகினு கீறோம்?" என்று எபினேசர் சிரித்தான். அவன் சீனியர். மேப்பில் எந்தக் கோளாறு வந்தாலும் அவனிடம் ஒரு மருந்து இருக்கும். மருந்துக்குப் பிறகு இன்னொரு கோளாறு இருக்கும்.

"ஜோன் தப்பா இருக்கும் ஹேமா. நாப்பத்தி நாலு போட்டிருக்க பாரு. நாப்பத்தி மூணு போடு."

அந்த மென்பொருள் உலகத்தைப் பலாச்சுளை மாதிரி பிரித்து, ஒவ்வொரு சுளைக்கும் ஒரு எண் கொடுத்து வைத்திருக்கும். ஹேமாவதி எண்ணை மாற்றினாள்.

ஏரி காணாமல் போனது.

"எங்கண்ணா?"

"ஏரி எங்கருக்கோ அங்க போன்னு ஒரு பட்டன் கீதே, அதை அமுக்கு."

அமுக்கினாள். திரை சர்ரென்று மேற்கே பறந்தது. மங்களூரைத் தாண்டி, அரபிக்கடலின் நடுவில், சித்தேரி மிதந்துகொண்டிருந்தது.

"ஏரியக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டீங்களேண்ணா!"

"தண்ணி தண்ணியோட சேந்துச்சு. இதுக்குப் போய் பேஜாராவுற? இரு, மதகு, கலங்கலுக்கெல்லாம் நம்பர் எழுதின ஷீட் இருக்குல்ல? அதுல குறுக்கு, நெடுக்கு ரெண்டும் மாறியிருக்கும். மாத்திப் போட்டு அதுலேர்ந்து வரைஞ்சிடு."

மாத்திப் போட்டாள். இந்தத் தடவை திரை வடக்கே பறந்தது. இமயமலை போனது. ரஷ்யா போனது. வட துருவத்துக்குக் கொஞ்சம் கீழே, சுத்தமான பனியில் போய் நின்றது.

இருவரும் வெள்ளைத் திரையைக் குனிந்து பார்த்தார்கள்.

"இங்க கல்லு நடணும்னா ஸ்வெட்டர் போட்டுகினு போவணும்" என்றான் எபினேசர்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். ஏரி சமர்த்தாக அலுவலகத்தின் மேல் வந்து படுத்தது.

"பென் டிரைவ்ல ஒரிஜினல் வச்சிருக்கேன், இரு" என்று எபினேசர் ஓடினான். கொண்டுவந்த ஒரிஜினல் திறக்கவே இல்லை. ஒரு ஏரிக்கு ஐந்தாறு ஃபைல்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் வேலை செய்யும். இவன் ஒன்றை மட்டும் எடுத்து வந்திருந்தான்.

"மாப்பிள்ளைய மட்டும் கூட்டியாந்துட்டு, தாலி, பொண்ணு, ஐயரு எல்லாரையும் வூட்லயே வுட்டுட்டு வந்தா கல்யாணம் எப்படிண்ணா நடக்கும்?"

மீதியை எங்கிருந்தோ தேடிச் சேர்த்தபோது ஏரி வந்தது, அதே இடத்துக்கு. ஆனால் அதன் மேல் 'சித்தேரி' என்றிருந்த பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறியிருந்தது.

"மேப்புக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றான் எபினேசர்.

எழுத்து முறையை மாற்றிப் பெயரை மீட்டாள். மூச்சு விட்டாள். அடுத்த நிமிடம் திரையில் ஏரி, ரோடு, தண்டவாளம் எல்லாவற்றின் பக்கத்திலும் சிவப்பு ஆச்சரியக்குறி முளைத்தது. மேப் மொத்தமும் காலி.

"யாரு ஃபோல்டர்ல கை வச்சது?" என்று கத்தினாள்.

உள் அறையிலிருந்து சபரிநாதன் தயங்கியபடி எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் பண்ணலம்மா. காலைலேர்ந்து தடங்கலாவே இருக்கேன்னு, ஃபோல்டர் பேருக்கு முன்னாடி ஒரு பிள்ளையார் சுழி போட்டேன்."

"சார்! பேரை மாத்தினா உள்ள இருக்கற எதுவும் அதுக்கு எங்க இருக்குன்னு தெரியாது சார்!"

"பிள்ளையாருக்குமா தெரியாது?"

பிள்ளையார் சுழியை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அப்போதுதான் கட்டட ஓனர் சம்பூர்ணம் ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியோடு உள்ளே வந்தாள். தொழிற்பேட்டை முழுக்க அவளுடையதுதான். மற்ற குடித்தனக்காரர்களிடம் புலி. சர்வே ஆபீஸ் என்றால் மட்டும் பஜ்ஜி.

"சாப்புடு கண்ணு. மொகம் ஏன் இப்படி வாடிக் கெடக்குது?" திரையைக் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள். "அது இன்னா நீலமா?"

"ஏரிம்மா."

"நம்ம பில்டிங் மேல வந்துகீதே?"

"சாஃப்ட்வேர் கோளாறும்மா. காலைலேர்ந்து சரி பண்றேன்."

"பாவம், கம்ப்யூட்டருக்கும் வெயிலு தாங்கல. இழுத்து அந்தாண்ட போடு."

"அந்தாண்ட ரைஸ் மில்லும்மா. அதுல வேலை செய்றவங்க வூடுங்கள்லாம் கூட இருக்கு."

"அந்த மில்லுக்காரன் ஒண்ணும் நல்லவன் இல்ல. போடு, போடு." தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

சபரிநாதன் பஜ்ஜியைக் கடித்தபடி நெகிழ்ந்தார். "இந்தம்மாவுக்கு நம்ம தொழில் மேல என்ன மரியாதை தெரியுமா? இந்த இடத்துக்கு ஊறுகாய் கம்பெனிக்காரன் தவம் கிடந்தான். சர்வே ஆபீஸ்னாதான் தருவேன்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. சரி, ஓனரம்மாவே சொல்லிட்டாங்க. இழுத்துப் போட்டு பிரின்ட் எடு. போன தடவை இதே ஏரிக்கு நந்தினியும் அப்படித்தான் பண்ணா."

ஹேமாவதியின் கை மவுஸில் நின்றது. நந்தினி, அவளுக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவள்.

"போன தடவையும் ஏரி இங்கதான் வந்துச்சா சார்?"

"இந்த ஏரிக்கு அது வியாதிம்மா. எப்ப போட்டாலும் நம்ம மேலதான் வந்து படுக்கும்."

"நந்தினி எந்தப் பக்கம் இழுத்தாங்க?"

"கிழக்கால."

"அதான் ரைஸ் மில்லுக்காரர் நம்மள பார்த்தா மூஞ்சைத் திருப்பிக்கினு போறாரா?" என்றான் எபினேசர், பஜ்ஜியை நிறுத்தி.

ஹேமாவதி எழுந்தாள். "இழுக்க மாட்டேன் சார். எங்க தப்புன்னு கண்டுபிடிக்காம இந்த மேப் வெளிய போகாது."

"அப்ப நீ போயிடுவம்மா!"

"போறேன் சார். மேப் சரியா போகட்டும், அப்புறம் நான் போறேன். எபினேசர் அண்ணா, ஜிபிஎஸ்ஸ எடுத்துகினு வண்டில ஏறுங்க. பழைய மேப்ல மதகு குறிச்சிருக்கு. அது மேல போய் நில்லுங்க. அடுத்தது கலங்கல். ஏரி நெறஞ்சா தண்ணி வழியுமே, அந்தச் செவுரு. அப்புறம் பனைமரத்துக்கிட்ட இருக்கற பழைய எல்லைக் கல்லு."

எபினேசர் பறந்தான். சபரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஆணியைப் பார்த்துக் கும்பிட்டார்.

முதல் அழைப்பு. "மதகு மேல நின்னுகினு கீறேன். நம்பர் எழுதிக்க."

புள்ளி வைத்தாள். மேப்பின் மதகில் பொட்டு வைத்த மாதிரி உட்கார்ந்தது.

கலங்கல். அதுவும் உட்கார்ந்தது.

எல்லைக் கல். "கல்லு மேல நாய் படுத்துகினு எந்திரிக்க மாட்டேங்குது, பக்கத்துல நின்னு எடுக்கறேன்." அதுவும், ஒரு நாயளவு தள்ளி, உட்கார்ந்தது.

கடைசியாக அவளே இன்னொரு ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் ஆணியின் மேல் வைத்தாள். வந்து புள்ளி போட்டாள். சேட்டிலைட் படத்தில் அலுவலக வாசற்படி. அதன் மேல் புள்ளி. இரண்டின் மேலும் நீலம்.

"சார்."

"தப்பு கிடைச்சிடுச்சா?"

"மதகு சரி. கலங்கல் சரி. கல்லு சரி. ஏரி அதோட இடத்துலதான் இருக்கு. நம்ம ஆபீஸ்தான் சார் தப்பான இடத்துல இருக்கு."

"ஆபீஸ் எப்படிம்மா தப்பா இருக்கும்? நாலு செவுரு நிக்குது, கூரை இருக்கு, கரன்ட் பில் வருது!"

சொன்னவர் நிறுத்தினார். அவருடைய கண் சுவரில் இருந்த ப்ளக் பாயிண்டுகளின் மேல் போனது. எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தன. குடிவந்த நாளிலிருந்து அப்படித்தான். குழந்தைகள் கை வைக்காமலிருக்க என்று ஓனரம்மா சொல்லியிருந்தாள். இந்தத் தொழிற்பேட்டைக்கு எந்தக் குழந்தையும் வந்ததில்லை.

"சார்," ஹேமாவதி மெதுவாகக் கேட்டாள், "ஐப்பசி மழையில இந்த ரூம்ல தண்ணி வருமா?"

"கொஞ்சம் வரும். பைப் உடைஞ்சி போவும். வருஷா வருஷம் ப்ளம்பரைக் கூப்புடுவோம்."

"ப்ளம்பர் இன்னா சொல்வாரு?"

"பைப்பு நல்லாத்தான் கீதுன்னுவான்." சபரிநாதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "போன வருஷம் ஆணிக்குப் பக்கத்துல மீன் இருந்துச்சி. பூனை போட்டுட்டுப் போச்சுன்னு நெனைச்சேன்."

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

இப்போதும் மவுஸை ஒரு இழுப்பு இழுத்தால் போதும். ஏரி ரைஸ் மில்லுக்குப் போய்விடும், வேலை தங்கிவிடும். ஹேமாவதி சபரிநாதனைப் பார்த்தாள். சபரிநாதன் ஆணி இருந்த பக்கம் பார்த்தார்.

"இருக்கற இடத்துலயே வச்சி பிரின்ட் எடும்மா" என்றார்.

உள்ளே வந்த அதிகாரி நர்மதா, சூடு ஆறாத மேப்பை மேஜையில் விரித்துப் பார்த்தார். "பரவாயில்லையே, மதகு, கலங்கல் எல்லாம் பிசிறில்லாம வந்திருக்கே. இது யாரு பண்ணது?"

"நான்தான் மேடம்."

"நல்லாருக்கும்மா. இதுல உங்க ஆபீஸ் எங்க?"

ஹேமாவதி நீலத்தின் நடுவே விரலை வைத்தாள்.

நர்மதா மேப்பைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தன் செருப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப நாளைக்குக் காலைல உங்களுக்கு நோட்டீஸும் சேர்த்துக் கொண்டாந்துடறேன்" என்று சொல்லி, மேப்பைச் சுருட்டிக்கொண்டு ஜீப் ஏறினார்.

திரும்பி வந்த எபினேசர் வாசலிலேயே நின்று, ஏதோ நனைந்துவிடும் போலப் பேன்ட்டை ஒரு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டான்.

"ஹேமா," என்றார் சபரிநாதன், "இன்னையிலேர்ந்து நீ பர்மனென்ட். ஆபீஸ்தான் டெம்பரரி."

பஜ்ஜித் தட்டை எடுக்க வந்த சம்பூர்ணம், மூன்று பேரின் முகத்தையும், திரையில் நகராமல் கிடந்த நீலத்தையும் பார்த்தாள்.

"ஏம்மா, இது ஏரின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" சபரிநாதனின் குரல் உடைந்தது. "எங்க தொழில் மேல மரியாதை வச்சி இடம் கொடுத்தீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனே!"

சம்பூர்ணம் தட்டில் மிஞ்சியிருந்த ஒரே பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"மரியாத இல்லாமயா தம்பி? அளக்கறவனையே உள்ள குந்த வச்சிட்டா, அப்பால எவன் வந்து அளக்கப் போறான்னுதானே உனுக்குக் குடுத்தேன்!"