முந்தானையில வெச்ச தேதி

ஒரு அறிவிப்ப ஜனங்க படிக்கணும்னா, மொதல்ல அது கண்ணுக்குத் தெரியணும். இந்தக் கொள்கையில ரூக்ஷார் ரொம்பப் பிடிவாதம். பி.காம். ரெண்டாவது வருஷம் படிக்குது. சண்டைக்கு ஆள் கெடைக்காத நாள்ல பஸ் டிக்கெட்டோட பின்பக்கத்தப் படிச்சு அதுங்கூட சண்டை போடும்.

நிறுத்தங்கள் சீரமைப்பு அலுவலகம்னு ஒண்ணு. அதோட வெப்சைட்ல, எட்டாவது லிங்க்ல, தலைகீழா ஸ்கேன் பண்ண ஒரு காகிதம் ஞாயித்துக்கிழமை ரூக்ஷார் கண்ணுல பட்டுது. காலேஜ் வாசல்ல இருக்குற பஸ் ஸ்டாப்ப ஒண்ணரை கிலோமீட்டர் தள்ளி வெக்கப் போறாங்களாம். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அம்பது பேராவது நேர்ல வந்து ஆட்சேபணை சொல்லணும். இல்லைனா ‘பொதுமக்கள் பேருவகையுடன் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.’

ரூக்ஷாரோட அட்டெண்டன்ஸ் எழுவத்தாறு பர்சென்ட். எழுவத்தஞ்சுக்குக் கீழ எறங்குனா பரீட்சை எழுத முடியாது. வெயில்ல ஒண்ணரை கிலோமீட்டர் நடந்து ஃபர்ஸ்ட் அவர் புடிக்கிறது அது ஜாதகத்துலயே இல்ல.

"இப்பிடித்தான் எவனும் படிக்கக் கூடாதுன்னே போடுறானுங்க! நான் போடுறேன் பாரு இன்டர்நெட்ல ஒரு பிளாக், கொழந்தகூட படிக்கும்!"

கூட படிக்கிற ஏஞ்சல் உடனே ஒரு பக்கம் ரெடி பண்ணுச்சு. வெள்ளையில கறுப்பு எழுத்து. மேல பெருசா தேதி, நேரம், எடம். அவ்ளோதான்.

"என்னாடி இது, எழவு வீட்டு நோட்டீஸ் மாரி இருக்குது?"

"படிக்க ஈஸியா இருக்குதில்ல?"

"ஈஸியா இருந்தா எவன் மதிப்பான்? டிசைனர் வேணும்."

காஞ்சிபுரத்துல டிசைனர்னா சேலை டிசைனர்தான். கமல் வந்தான். பட்டு ஜவுளிக்காரங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பூவு, மயிலுன்னு புட்டா வரையறவன். பக்கத்த ஒரு நிமிஷம் பாத்துட்டு வருத்தமா கேட்டான்.

"பார்டர் எங்கமா?"

அங்க ஆரம்பிச்சுது வாசகர் நலன். ரெண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை பார்டர். உடல் அரக்குக் கலர். அதுமேல எழுத்து தங்கக் கலர். நடுவுல எங்க பாத்தாலும் மயில் புட்டா.

"மயில் காலு எழுத்த மிதிக்குதே," ன்னுச்சு ஏஞ்சல்.

"எழுத்தக் கொறச்சுக்கோங்க," ன்னான் கமல்.

ரூக்ஷார் கொறச்சுது. திட்டுறத மட்டும் வெச்சுக்கினு விவரத்த எடுத்துடுச்சு.

"சரி, தேதிய எங்க போடுறது?"

"கடையில சேலை பாக்க வர்றவங்க மொதல்ல எத விரிச்சுக் காட்டச் சொல்லுவாங்க?"

"முந்தானைய."

"அப்போ முக்கியமான மேட்டர் முந்தானையில. முந்தானை எங்க வரும்?"

"கடைசியில."

"அவ்ளோதான்மா, சயின்ஸ்."

ரூக்ஷாருக்குப் புல்லரிச்சுப் போச்சு. போன்ல தேதி வர்றதுக்கு முப்பத்திரெண்டு தடவ தள்ளணும். ஏஞ்சல் எண்ணிச் சொல்லுச்சு. "உனக்கு டேஸ்ட் இல்லடி"ன்னு ரூக்ஷார் அதோட வாய அடைச்சுடுச்சு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிளாக் எல்லா வாட்ஸப் குரூப்புக்கும் போச்சு.

வியாழக்கிழமை அந்த அலுவலக ஹால்ல அம்பது நாற்காலி. வந்தது ரூக்ஷாரு, கமலு ரெண்டே பேரு. ஏஞ்சல் அட்டெண்டன்ஸ் போவுதுன்னு கிளாஸுக்குப் போயிடுச்சு. மேற்பார்வையாளர் சபாபதி சார் கனமா ஒரு கோப்பைத் தொறந்தாரு.

"உங்க பிளாக்குக்கு வந்த பொதுமக்கள் கருத்து இருநூத்திப் பதினாலையும் கோப்புல சேத்துட்டோம்மா."

"பாத்தியா கமலு! படிங்க சார், நல்லா சத்தமா படிங்க!"

சார் தொண்டையச் செருமிக்கினாரு. "ஒண்ணு. பார்டர் சூப்பர். ரெண்டு. இதே டிசைன் பச்சையில கெடைக்குமா. மூணு. பிளவுஸ் பிட் உண்டா. நாலு, கூரியர்..."

"பஸ் ஸ்டாப்பு பத்தி ஒண்ணுகூட இல்லியா சார்?"

"கிட்டத்தட்ட ஒண்ணு இருக்குதுமா. ‘என்னா எழுதியிருக்குதுன்னே தெரில.’ இத ஆட்சேபணையா எடுத்துக்கலாமான்னு மேலிடத்தக் கேட்டோம். எடுத்துக்கலாம், ஆனா அது உங்க மேல உள்ள ஆட்சேபணைன்னு பதில் வந்துது."

பச்சை மையில கையெழுத்துப் போட்டாரு. பேருவகையுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ரூக்ஷார் வாயத் தொறக்குறதுக்குள்ள அவரே மரியாதையா எழுந்து நின்னாரு.

"மேலிடம் ஒண்ணு கேக்கச் சொல்லுச்சும்மா. இனிமே எங்க அறிவிப்பெல்லாம் நீங்கதான் டிசைன் பண்ணித் தரணும். பன்னெண்டு வருஷமா நாங்களும் என்னென்னவோ பண்ணிப் பாக்குறோம், எப்பிடியும் ஒருத்தர் ரெண்டு பேரு படிச்சுட்டு வந்து நின்னுடுறாங்க. நீங்க நாலே நாள்ல சாதிச்சுட்டீங்க."

ரூக்ஷாருக்கு மொகம் செவந்துது. மேஜைமேல கையத் தட்டுச்சு.

"தப்பா சொல்லாதீங்க சார். மூணே நாளு."