டோலோன் கணவாயில் சொந்த வெளிச்சம்

இந்த வசந்தத்தில் டோலோன் கணவாயை என் சொந்த வெளிச்சத்தில்தான் கடப்பது என்று முடிவு செய்தேன்.

காரணம் என் மனைவியின் தம்பி ஷேரிபெக். போன இலையுதிர்காலத்தில் கணவாய் முழுக்க மூடுபனி. என் பழைய நீவா காரின் விளக்குக்குத் தன் மூக்கே தெரியவில்லை. இவன் தன் ஜப்பான் காரில் முந்தி வந்து எனக்கு முன்னால் மெல்ல ஊர்ந்தான். அவன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே மலை இறங்கினேன். உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டில் தேநீர் ஊற்றினாலும் ஆரம்பித்துவிடுவான்: "அத்தான் என் வாலைப் பிடிச்சுக்கிட்டே வந்து சேந்தார்!"

நான் மன்னிக்கவில்லை. அந்த உத்தேசமும் இல்லை.

இப்போது கணவாய்க்கு அந்தப் பக்கம், கொச்கோரில், அவன் மகன் கல்யாண விருந்து. ஒரு கிடாவைக் கொடுத்து நான்கு விளக்கு வாங்கினேன். தூரம் பாய இரண்டு, பனிக்குத் தாழ்வாகப் படரும் மஞ்சள் விளக்கு இரண்டு.

"அந்தக் கிடா எங்கப்பா எனக்குக் கொடுத்த ஆட்டோட குட்டி" என்றாள் அனிப்பா, என் மனைவி.

"விளக்கும் உன் தம்பி கண்ணுக்குத்தான். கணக்கு சரியாப் போச்சு."

"குட்டி போடுற நேரம். போன வருஷம் இருட்டுல மிதிபட்டே குட்டிங்க செத்துச்சு. கொட்டகைக்கு ஒரு விளக்குன்னு எத்தனை தடவை கேட்டேன்?"

"அங்க கரண்ட் இல்லையே."

"பழைய டிராக்டர் பேட்டரி சும்மாதானே கிடக்கு?"

"அடியே, ஆட்டுக்கு எதுக்கு வெளிச்சம்? அது என்ன, படிக்கவா போகுது? இது மானப் பிரச்சினை!"

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் மாட்டினேன். வேலை நன்றாக வந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தக் கறுப்புக் கம்பி எதுக்குங்க?"

"இதான் எர்த். நாலு விளக்குக்கும் இது ஒண்ணுதான். வண்டி உடம்போட ஒட்டியிருக்கணும். இது விட்டா, ராஜா வந்தாலும் எரியாது."

"அப்படியா" என்றாள், ரொம்ப மரியாதையாக.

சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மதாலியின் கோழிகள் விடிந்துவிட்டதென்று கீழே இறங்கின. அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஒன்றுகூட எரியவில்லை. சுவிட்சைத் தட்டினால் ரிலே 'டிக்' என்றது, அவ்வளவுதான். ஃபியூஸை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். ஒவ்வொரு பல்பையும் கழற்றி ஊதினேன். விளக்கு விற்றவனை அவன் தாத்தா வரைக்கும் திட்டினேன். மறுநாளும் அதே கதை.

"அண்ணே, எர்த் பாத்தீங்களா?" என்றான் மதாலி, வேலிக்கு மேலே தலையை நீட்டி.

"நானே முறுக்கினதுடா! எனக்கே சொல்லித் தர்றியா?"

"கோவப்படாதீங்க. உள்ள வந்து டீ குடிங்க."

சுவிட்சை அணைக்காமல் அப்படியே விட்டுவிட்டு அவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது கிண்ணம் குடித்துக்கொண்டிருந்தேன். அனிப்பா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சுயுன்ச்சு!"

எங்கள் பக்கம் நல்ல சேதி கொண்டுவருபவர் சொல்லும் சொல் அது. கேட்டதும் பரிசுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், சேதி அப்புறம்தான். சாட்சி முன்னால் ஒப்புக்கொண்டதை மாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது.

எனக்கு ஒரே ஒரு நல்ல சேதிதான் தோன்றியது. "ஷேரிபெக் கார் படுத்துருச்சா?"

"முதல்ல தர்றேன்னு சொல்லுங்க."

"தர்றேன்! எது கேட்டாலும் தர்றேன்! மதாலி, நீதான் சாட்சி!"

"கேட்டுக்கிட்டேன் அண்ணே" என்றான் அவன், ரொட்டியை மென்றபடி.

"உங்க விளக்கு எரியுது" என்றாள். "நாலும்."

கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். உண்மைதான். நான்கும் பளீரென்று எரிந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கேளு அனிப்பா! என்ன வேணும்?"

"அதுதான்" என்று வண்டியின் மூக்கைக் காட்டினாள். "நாலும் கொட்டகைக்கு."

மதாலியைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"அப்போ கொச்கோருக்கு நான் எப்படிப் போறது?"

"தம்பியே தன் காரை எடுத்துக்கிட்டு வர்றான். முன் சீட்டு உங்களுக்குன்னு சொல்லிட்டேன்."

விளக்குகளைக் கழற்றினேன். எர்த் கம்பியின் முனையில் சிவப்புக் கம்பளித் துணுக்கு ஒட்டியிருந்தது. அனிப்பா வீட்டில் தைத்துக்கொண்டிருக்கும் கம்பள விரிப்பும் அதே சிவப்புதான். அது எப்படி இங்கே வந்தது என்று யோசித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனேன். பேட்டரியை வைத்து, உத்தரத்தில் ஏறி நின்று, கம்பிகளைக் கையில் எடுத்தேன்.

கீழே ஆடுகளுக்கு நடுவில் நின்ற அனிப்பா தலையை உயர்த்தினாள்.

"கறுப்புக் கம்பியை நல்லா முறுக்குங்க. அது விட்டா, ராஜா வந்தாலும் எரியாது."