மீனில் இருமுறை நின்ற ஐந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதுவது வழக்கம். இன்று அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீங்களும் சித்தியும் நலமாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

நீங்கள் ரயில் பெட்டிகளைக் கோக்கிறவர், உங்களுக்குப் புரியும். கோழி, தவளை, மனிதன். மூன்றிலும் குறிப்பிட்ட ஐந்து மரபணுக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. எங்கள் ஆய்வக மீனில் அதே ஐந்து, அதே வரிசை, ஆனால் இரண்டு இடங்களில். இரட்டித்திருக்கிறது என்று படம் போட்டு எழுதிக் கொடுத்தேன். என் ஆய்வு வழிகாட்டி சார் நான்கு மாதமாக அந்தப் படத்தைப் பார்க்காமல் காபி குடிப்பதில்லை. நேற்று என் மேசையைத் தாண்டிப் போன சீனியர் அக்கா, அவரைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவோம், ஒரு நிமிடம் நின்று, "ஏம்மா, மீனுக்கு அம்மா குடுத்த படியையும் அப்பா குடுத்த படியையும் ரெண்டு இடம்னு எண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். எந்த மரபணுவும் நமக்கு இரண்டு படி, அம்மாவின் பிரதி ஒன்று, அப்பாவின் பிரதி ஒன்று. ஒரே ரயிலை இரண்டு நடைமேடையிலிருந்து படம் பிடித்து இரண்டு ரயில் என்று சொன்ன கதை. சரிபார்க்க வழி இருக்கிறது. பயம், பார்க்கவில்லை. இன்று காலை கருத்தரங்கு. அந்த இரட்டிப்பைப் பற்றிப் பேச சார் டை கட்டிக்கொண்டிருந்தார். நான் எண்ணியது தப்பு என்று கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார். மீனுக்கே தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. மேடையேறி, இருநூறு பேர் முன்னால், "தப்பு நடந்துபோச்சு. இரட்டிப்பு இல்ல. மன்னிச்சிடுங்க" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயம். திட்டியிருந்தா அழுதுட்டுப் போயிருப்பேன் சித்தப்பா, இறங்கி வந்து "சாப்பிட்டியா"ன்னு கேக்குறார், நான் என்ன பண்ண.

என் மெத்தையை வெயிலில் போட்டு வையுங்கள். சித்திக்கு வணக்கம். தங்கைக்கு முத்தம், அவளை உயிரியல் பக்கம் விடாதீர்கள்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: மேசையைக் காலி செய்யும்போது, இனிப் பயப்பட என்ன இருக்கிறது என்று சரிபார்த்துவிட்டேன். ஒன்றையே இரண்டாக எண்ணியிருந்தால் இயந்திரம் படித்த டி.என்.ஏ. துண்டுகள் அந்த இரண்டு இடங்களுக்கும், மற்ற இடங்களைப் போல இல்லாமல், பாதிப் பாதிதான் கிடைத்திருக்கும். இரண்டுக்கும் முழுசாகக் கிடைத்திருக்கின்றன. இரண்டும் நிஜ ரயில். முதலில் சொன்னதுதான் சரி. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சார் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இதையும் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்; தைரியம் என்னிடம் ஒரே ஒரு படிதான் இருந்தது, காலையிலேயே செலவாகிவிட்டது. மெத்தை மட்டும் வெயிலிலேயே இருக்கட்டும்.