குசினிக்குப் போக ஆளில்லை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பின் பற்றிக் அண்ணனுக்கு,

லாபிர் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மெல்பேர்ன் குளிரில் நீங்கள் சுகமாக இருக்க என் மனைவி றம்ஸியா தொழுது துஆக் கேட்கிறாள். பக்கத்து வீட்டு இன்பமலர் அக்கா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார். இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருப்பதால் உங்கள் உடம்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. போனில் கதைத்தால் உங்கள் மகள் நிலுஷா பக்கத்தில் நிற்பார் என்பதால்தான் இந்தக் கடிதம். உங்களை அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்ள அவர் விண்ணப்பம் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் கையெழுத்து வைக்க முன் நாட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அண்ணன், நீங்கள் போனதிலிருந்து நமக்கு விக்கெட் விழுவதில்லை. முன்பெல்லாம் எதிரணி நின்று அடித்தால் என் வீட்டு டிவிக்கு முன்னால் இருக்கும் முழு வீதியும் திரும்பி உங்களைப் பார்க்கும். நீங்கள் எழும்பிக் குசினிக்குப் போய், பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். விக்கெட் விழும். "என்ன நடந்தது, லாபிர்?" என்று அங்கேயிருந்து கேட்பீர்கள். "அவுட் அண்ணன், வாங்கோ" என்று நான் கூப்பிடுவேன். நாட்டுக்காக முக்கியமான விக்கெட் ஒன்றையும் கண்ணால் காணாத மனிதர் நீங்கள் ஒருவர்தான்.

போன ஞாயிறு எதிரணியின் முதல் சோடி அசையவே இல்லை. உங்கள் இடத்துக்கு முதலில் நான் போனேன். றம்ஸியா சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். "சும்மா நிக்கிற நேரம் இந்த வெங்காயத்தை உரிங்களேன்" என்றாள். நான் உரித்தேன், எதிரணிக்காரன் சிக்ஸர் அடித்தான். அடுத்து வீதி வீதியாகப் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ சுமணபாலவை அனுப்பினோம். ஓட்டோவைப் பாட்டுப் பாடவிட்டு வாசலில் நிறுத்தி வந்த மனிதர் சமோசாவைத் தின்றாரே தவிர விக்கெட் ஒன்றும் எடுக்கவில்லை. பிறகு இன்பமலர் அக்கா செபமாலையோடு போனார். நம்மவன் நோ போல் போட்டான். கடைசியில் மீன்கடை றுவைஸ் பொறுமை கெட்டு, "அப்ப எல்லாரும் ஒண்டாப் போவம்" என்றான். "ஹரி, போவம்" என்று பாதி சிங்களத்தில் சம்மதித்தார் சுமணபால.

போனோம். பள்ளிவாசல் சனம், சேர்ச் சனம், வழியில் ஸ்கோர் கேட்க வந்த நேவிக்காரப் பெடியன், எல்லோரும் பிரிட்ஜைப் பார்த்தபடி இடித்துக்கொண்டு நின்றோம். தேர்தல் மேடைகளில் சொல்கிற ஒற்றுமையை அன்றைக்கு என் குசினியில் கண்டேன், மூச்சுவிடத்தான் இடமில்லை. டிவியில் "அவுட்" என்று ஒரு ஆரவாரம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இரண்டு விக்கெட். ஒரே குரலில் "என்ன நடந்தது?" என்று கேட்டோம். பதில் சொல்ல ஹோலில் ஒருவரும் இல்லை.

ஓடிவந்து பார்த்தால் மழை, திரையில் ஸ்கோர் இல்லை, மைதானத்தை மூடியிருந்தார்கள். மேட்ச் அத்தோடு கைவிடப்பட்டது. ஆனாலும் விக்கெட் விழுந்த சந்தோஷத்தில் சுமணபால மிச்சமிருந்த மீன் பணிஸ்களை எல்லோருக்கும் பங்கிட்டார். நான் என் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலைப் பார்த்தேன். இத்தனை வருஷமாக நீங்கள் அங்கே தனியாக நின்று என் குரலுக்குக் காத்திருந்தீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது எனக்குக் கூப்பிட ஆளில்லை. வீடு நிறையச் சனம் இருந்தும் நான் உங்களைத் தேடுகிறேன், அண்ணன்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். எல்லோரும் சேர்ந்து போனால் விக்கெட் விழுகிறது, இனிப் பற்றிக் அண்ணன் இல்லாமலே சமாளிக்கலாம் என்று வீதி முடிவெடுத்துவிட்டது. நாட்டுக்கு நீங்கள் தேவையில்லை என்றானபின் எனக்காக மட்டும் வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருங்கள். விண்ணப்பத்தில் கையெழுத்தை வையுங்கள்.

நிலுஷாவுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஸலாம். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அந்த ஊரிலும் சுடச்சுடப் பாணையும் தருவானாக.

இப்படிக்கு,
உங்கள் லாபிர்

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும் நேரம் என் மகள் ஜுமானா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். நாங்கள் குசினிக்குள் போனவுடனேயே அங்கே மழை தொடங்கிவிட்டதாம். இடையில் கொஞ்ச நேரம் டிவிக்காரர்கள் பழைய மேட்ச் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கேட்ட இரண்டு விக்கெட்டும் அதில் விழுந்தவை. அந்த மேட்ச் எனக்கு நல்ல நினைவு. அன்றைக்கு நீங்கள்தான் குசினியில் நின்றீர்கள். கையெழுத்து வைக்க வேண்டாம்.