நேர்ந்துகொண்ட பிள்ளை

தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் அய்யாத்துரைக்கு அன்று காலை உட்காரவும் முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

முந்தின நாள், சிவப்பு முக்கோணம் வரைந்த கூடாரத்துக்குள் நுழைந்து, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையைச் செய்துகொண்டு ஓசைப்படாமல் வீடு திரும்பியிருந்தான். நான்காவது பெண்ணைப் பெற்றபோது அவன் மனைவி முருகம்மாள் செத்துப் பிழைத்தவள். இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது. ஆனாலும் ஆண் பிள்ளைக்காக அவள் உள்ளூர ஏங்குகிறாள் என்று அவன் நம்பினான். அவளைக் கேளாமலே அந்த ஆசையை அறுத்துவிட்டோமே என்ற எண்ணம், தையலைவிட அதிகமாய்க் குத்தியது.

"என்னங்க, நடையே ஒரு மாதிரியா இருக்கு?"

"கிடங்குல வழுக்கி விழுந்துட்டேன். இடுப்புல சுளுக்கு."

பொய்க்கு மட்டும் குடும்பக் கட்டுப்பாடு கிடையாது. ஒன்று பிறந்ததுமே அடுத்தது தொட்டிலுக்குக் காத்திருக்கும்.

இரட்டைப் பிள்ளை பெற்றவள் மிதித்தால் சுளுக்கு விலகும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. குழாயடியில் நின்றிருந்த பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாளைக் குடத்தோடு இழுத்து வந்தாள் முருகம்மாள். அந்தச் சந்தில் மனிதர் பெருகினர், குழாய் பெருகவில்லை. வரிசையை விட்டு வருவது சிறிய தியாகமன்று.

"குப்புறப் படும் கொழுந்தனாரே. ரெண்டே மிதி!"

"ஐயோ மதினி, சுளுக்கு இல்ல! கட்டி!"

"கட்டியா? எங்க?"

"அது... உட்கார்ற எடத்துல."

"அதுக்கு ஏன் வெட்கம்? செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தா உடைஞ்சிரும். ஏட்டி முருகம்மா, அடுப்பைப் பத்த வை!"

செங்கல் சிவக்கச் சிவக்க அய்யாத்துரை வெளுத்தான்.

"கட்டியும் இல்ல... உள்ளுக்குள்ள என்னமோ நோவு."

முருகம்மாளின் கண்கள் நிறைந்தன. சுவரிலிருந்த முருகன் படத்தின் முன் விழுந்தாள். "செந்தூரா! இவருக்குக் கொணமாயிட்டா, அஞ்சாவதா ஆம்பளைப் பிள்ளை பெத்து உன் பேரை வைக்கேன்!"

எந்த உயிரைக் காக்கக் கூடாரத்துக்குப் போனானோ, அந்த உயிரையே அல்லவா இவள் பணயம் வைக்கிறாள்! அய்யாத்துரை துள்ளி எழுந்தான்.

"நேராத முருகம்மா! அது நடக்காது. நேத்து நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். பையன் இல்லாட்டி போகுது, எனக்கு நீ வேணும்."

முருகம்மாள் நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அழுகிறாள் என்று எண்ணி அவன் அருகில் மண்டியிட்டான்.

மீனாட்சியம்மாள் செங்கல்லை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"ஏட்டி, பிள்ளையே வேண்டாம்னு போன மாசம் எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து லூப்பு போட்டுக்கிட்ட தைரியத்துலதானே சாமிகிட்ட அஞ்சாவதை நேந்துக்கிட்ட?"