ஏழாம் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரி

தாஷ்கந்து, சிலோன்சார் பகுதி
வெள்ளிக்கிழமை

மாலைப் பத்திரிகையின் ஆசிரியர், மதிப்பிற்குரிய தம்பி இஸ்ஃபந்தியார் அவர்களுக்கு,

உங்கள் உடம்பு நலமா? வீட்டார் நலமா? அச்சு இயந்திரம் நலமா? வாசலில் திராட்சைக் கொடி இருந்தால் அதுவும் நலமா? எல்லாம் நலமென்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

என் பெயர் ஹோல்மிர்ஸா. முப்பத்தெட்டு வருடம் இந்த நகரத்தின் லிப்ட்டுகளைப் பழுது பார்த்தவன். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பு முழுவதும் உங்கள் பத்திரிகையில்தான். ஆகவே உங்கள் பத்திரிகை பொய் சொன்னால் என் வாத்தியாரே பொய் சொன்ன மாதிரி எனக்கு வலிக்கும். சென்ற வசந்தத்தில் "தலைநகரில் சாப்பிட்டே தீர வேண்டிய பத்து உணவகங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டீர்கள். என் மனைவி சனோபர் அதைக் கத்தரித்து அலமாரிக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தாள். ஐந்து மாதம் அது அங்கேயே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தால் வீடே அதிரும். கடைசியில் நானே கேட்டேன்.

"என்ன இது, கண்ணாடிக்கு அடியில?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"சும்மாவா? தூசி தட்டுறப்பெல்லாம் நின்னு படிக்கிறியே."

"ஏங்க, நான் ஆக்காத சாப்பாட்டை, நான் எடுத்து வைக்காத எடத்துல, ஒரே ஒரு தரம் உக்காந்து சாப்பிடணும். நடுவுல எந்திரிக்காம. அவ்வளவுதான்."

"ஏன், கல்யாண வீடுகள்ல சாப்பிட்டதில்லையா?"

"கல்யாண வீட்டுல என் முன்னாடி தட்டையா வச்சாங்க? கேரட் மூட்டையையும் கத்தியையும் வச்சாங்க."

நான் பிடிவாதக்காரன்தான், ஆனால் காது கேட்கும். போகலாம் என்றேன். ஏழாம் எண்ணை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். படத்தில் ஜன்னல் பெரிதாக இருந்ததாம். உணவகத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன், இலவச விளம்பரமாகிவிடும்.

இடம் சொல்லி வைக்கப் போன் செய்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்குத்தான் மேசை காலி என்றார்கள். "அந்நேரம் பலாவ் இருக்குமா?" என்று கேட்டேன். "எந்நேரமும் இருக்கும் ஐயா" என்று பெருமையாகச் சொன்னார்கள். தம்பி, இந்த ஊரில் நல்ல பலாவ் ஒரு மணிக்குள் கொப்பரையோடு தீர்ந்துவிடும். மூன்று மணிக்கும் இருக்கிற பலாவ் என்றால், அதை ஒரு மணிக்கு யாரோ வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். இதை உங்கள் நிருபர் கவனிக்கவில்லையா?

உணவகம் பதினான்காம் மாடியில். லிப்ட்டைப் பற்றி மட்டும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: குலுக்காமல், முனகாமல் ஏறியது. அங்கே பக்குவமாக இருந்தது அது ஒன்றுதான். சனோபர் மகள் கல்யாணத்துக்குத் தைத்த பட்டு உடையைப் போட்டிருந்தாள். உட்கார்ந்ததும் மேசையில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்புப் படத்தைக் காட்டி, போனைக் கொண்டு அதைப் படம் பிடித்தால் சாப்பாட்டின் பெயர்கள் வரும் என்றார்கள். என் போனுக்கு அந்த வித்தை தெரியாது. பிறகு ரொட்டி வந்தது, காகிதப் பைக்குள், தலைகீழாக! ரொட்டியைக் கவிழ்த்து வைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று வளர்த்தார்கள் என்னை. எங்கள் ரொட்டியை நிமிர்த்தினேன். பக்கத்து மேசையிலும் அப்படியே கிடந்தது; அதையும் நிமிர்த்தினேன். அதற்கடுத்த மேசைக்காரர் என்னைச் சர்வர் என்று நினைத்து மினரல் வாட்டர் கேட்டார். சனோபர் வழக்கம்போல ரொட்டியைப் பிய்த்து எனக்கு எடுத்து வைக்க எழுந்தாள். பரிமாறுகிற பெண், லோபர் என்று பெயர், அவள் தோளைத் தொட்டு, "நீங்க உக்காருங்கம்மா, அது என் வேலை" என்றாள். சனோபர் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கைகளை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் பலாவ். அரிசி ஒரு மூலையில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி, கேரட் இன்னொரு மூலையில், இறைச்சி மூன்றாவது மூலையில். மூவரையும் விவாகரத்து செய்து வைத்திருந்தார்கள். அதுவும் ஆளுக்கொரு தட்டு! பலாவ் என்றால் ஒரே தாம்பாளம், தம்பி. நான் என் பக்கத்திலிருந்து வருவேன், அவள் அவள் பக்கத்திலிருந்து வருவாள், நடுவில் நல்ல துண்டு ஒன்று மிஞ்சும், அதை நான் அவள் பக்கம் தள்ளுவேன், அவள் என் பக்கம் தள்ளுவாள். இங்கே எதை, எங்கே தள்ளுவது? நடுவில் பூச்சாடி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தேநீரைத்தான் பொறுக்க முடியவில்லை. லோபர் என் கோப்பையை விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும்! மரியாதைக்குரியவனுக்குக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றி, திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். நிறைத்து ஊற்றினால் "குடித்துவிட்டுக் கிளம்பு" என்று அர்த்தம். இது உங்களுக்கும் தெரியும், தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கும் தெரியும். எழுபத்திரண்டு வயதில் முதல் முறையாக ஒரு மேசையிலிருந்து என்னை விரட்டினார்கள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தேன், கோட்டை மாட்டினேன், லிப்ட்டில் ஏறிக் கீழே வந்துவிட்டேன்.

கீழே வந்து திரும்பிப் பார்த்தால் சனோபர் இல்லை. நாற்பத்தாறு வருடத்தில் நான் கோபித்துக்கொண்டு எழுந்த எந்த வீட்டிலும் அவள் என் பின்னால் வராமல் இருந்ததில்லை. அடுத்த லிப்ட்டில் வருவாள் என்று நின்றேன். கதவு திறந்தது, ஒரு நாய்க்குட்டியோடு யாரோ வந்தார்கள். மறுபடி திறந்தது, யாருமே இல்லை. பிறகு நானே ஏறிப் போனேன். அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, நிறைந்த கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். லோபர் பயந்துபோய் நின்றிருந்தாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. அரைக் கோப்பை ஊத்தினா வெளிநாட்டுக்காரங்க கஞ்சத்தனம்னு எழுதுறாங்களாம். மேனேஜர் நெறைய ஊத்தச் சொல்லிட்டார். எங்கப்பா பார்த்தா என்னைத் தொலைச்சுப்புடுவார்."

"நீ போம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு மனைவியிடம் கேட்டேன்: "நம்மளைப் போகச் சொன்னாங்க. உனக்கு ரோசமே இல்லையா?"

"இருக்கு. குடிச்சு முடிச்சிட்டு ரோசப்படுறேன்."

"சனோபர்!"

"ஏங்க, சூடா இருக்கு இது. நான் சூடாத் தேத்தண்ணி குடிச்சு எத்தனை வருசமாச்சு தெரியுமா? எல்லாருக்கும் ஊத்திட்டு வந்து உக்கார்றப்போ என்னது ஆறிப்போயிருக்கும். இந்தப் பொண்ணு, 'இன்னும் கொஞ்சம் வேணுமாம்மா'ன்னு எங்கிட்ட கேட்டா. எங்கிட்ட! நீங்க கீழ போய் நில்லுங்க, காத்து வாங்கிட்டிருங்க. நான் மெதுவா வரேன்."

நான் கோட்டைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கூஜாவை எடுத்து அவளுக்குத் தேநீர் ஊற்றினேன். மரியாதையாக, கொஞ்சமாகத்தான் ஊற்றினேன்.

"நெறைய ஊத்துங்க" என்றாள். "நான் எங்கயும் போறதா இல்ல."

ஊற்றினேன். விளிம்பைத் தாண்டி விரிப்பில் சிந்திவிட்டது. அவள் துடைக்க எழவில்லை.

ஆனால் தம்பி, இதனால் என் புகார் ஒரு நூல்கூடக் குறையவில்லை. கவிழ்ந்த ரொட்டி கவிழ்ந்த ரொட்டிதான், விவாகரத்தான பலாவ் விவாகரத்தான பலாவ்தான். ஆகவே ஏழாம் எண்ணை உடனே பட்டியலிலிருந்து நீக்கி, நீக்கிய செய்தியை முதல் பக்கத்தில் போட வேண்டும். நீக்காவிட்டால் பத்திரிகையை நிறுத்திவிட்டு வானொலிக்கு மாறிவிடுவேன்.

உங்கள் ரொட்டி என்றும் நிமிர்ந்தே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்களோடு ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடட்டும்.

இப்படிக்கு,
ஹோல்மிர்ஸா,
லிப்ட் மெக்கானிக் (ஓய்வு)

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது ஒரு விஷயம் தெரிய வந்தது. புதன்கிழமை தன் தோழிகள் கூடிய இடத்தில் சனோபர் ஏழாம் எண்ணைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருக்கிறாள். அக்கம்பக்கத்து மஹல்லாப் பெண்கள் ஒன்பது பேர் அவள் தலைமையில் போகப்போகிறார்களாம். ஆகவே ஏழாம் எண்ணை நீக்க வேண்டாம். முடிந்தால் இரண்டாம் எண்ணாக்குங்கள். அப்புறம், எட்டாம் எண்ணில் லிப்ட் வேலை செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். சனோபருக்கு முழங்கால் வலி. செவ்வாய்க்கிழமைக்கு அங்கே எங்கள் இருவருக்கும் நான் இடம் சொல்லிவிட்டேன். அன்று காலையிலேயே கருவிப் பெட்டியோடு வந்து சரிசெய்து கொடுக்கிறேன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம்.